எதிர்க்கூடை

ஒரு விமானம் பறப்பதற்கு முன்னால் ஓட வேண்டும். இறக்கையை ஒட்டிக் காற்று வேகமாகப் பாய்ந்தால்தான் அது விமானத்தைத் தூக்கும். நிற்கிற விமானத்துக்கு இறக்கை இருந்தும் பிரயோசனமில்லை. தரையில் என்றால் இரண்டு கிலோமீற்றருக்கு ஓடுபாதை போட்டுக் கொடுத்துவிடலாம். விமானந்தாங்கிக் கப்பலில் அதற்கு இடமில்லை. பெரிய கப்பலே முந்நூறு மீற்றர்தான், அதில் புறப்படுவதற்கென்று மிஞ்சுவது சுமார் நூறு மீற்றர். ஆகவே கப்பல்காரர்கள் விமானத்தைக் கவணில் வைத்த கல்லைப் போல எறிகிறார்கள்.

பழைய முறையில் தளத்துக்கு அடியில் நீளமான குழாய் இருக்கும். குழாய்க்குள் ஓர் உலக்கை. பிரஷர் குக்கரில் விசில் வருமுன் ஆவி முட்டுமே, அப்படி முட்டவிட்டுச் சட்டென்று திறந்தால் உலக்கை பாயும், அதில் கொக்கி மாட்டிய விமானமும் சேர்ந்து பாயும். இரண்டு மூன்று விநாடியில் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றர் வேகம். புதிய முறையில் ஆவிக்குப் பதில் மின்காந்தம். தளம் நெடுகப் பதித்த கம்பிச்சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொண்டு, விமானத்தைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டு போகும். பாரமானதைப் பலமாகவும் இலேசானதை மெதுவாகவும் அளந்து இழுக்கலாம் என்பது இதன் சிறப்பு.

இதுவரை விளங்காதது எதுவுமில்லை. இந்த வேலைக்கென்று ஓர் அதிகார சபை, மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே, பெல்மோர் தேயிலைத் தோட்டத்துக்கு ஏன் வந்தது என்பதுதான் விளங்காதது.

தேசிய கப்பல்தள விமான ஏவல் அபிவிருத்தி அதிகார சபை தொடங்கிப் பதினோரு ஆண்டுகளாகின்றன. நம்மிடம் விமானந்தாங்கிக் கப்பல் இல்லையே என்று கேட்கிறவர்களுக்குச் சபையின் தவிசாளர் கலாநிதி தரணிதரன் ஒரே பதிலை வைத்திருந்தார். "கப்பல் ஓர் அமைச்சின் விடயம். விமானம் இன்னோர் அமைச்சின் விடயம். இரண்டுக்கும் இடைப்பட்டதே எமது விடயம்." சபை முதலில் கொழும்பில் கடலைப் பார்த்தபடி இருந்தது. உப்புக் காற்றில் கோப்பு அலுமாரிகள் துருப்பிடித்தன. காரணம் அறிய உப குழு அமைத்தார்கள். கடல்தான் காரணம் என்று உப குழு நான்கு மாதத்தில் கண்டுபிடித்தது. கடல்சார் ஆய்வுகளைக் கடலிலிருந்து இயன்றவரை தொலைவில் நடத்த வேண்டும் என்று சிபாரிசு வந்தது. ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரைப் பந்தயமும் பூக்களும் இருப்பது அந்தச் சிபாரிசுக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை.

அந்த ஏப்ரலில் சபையின் பணிப்பாளர் திலக்ஷன் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு வந்துகொண்டிருந்தபோது, அவருடைய வாகனத்துக்கு மேலே வானத்தில் ஒரு சாக்கு போனது. அவர் வண்டியை நிறுத்தி, அடுத்த சாக்குக்குக் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தார். மலையுச்சியிலிருந்து கீழே ஸ்டோர் முற்றத்தில் போய் இறங்க எண்பது விநாடி. தேயிலைத் தொழிற்சாலைக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். "நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, ஆவி இல்லை," என்று அவர் அன்று மாலையே எழுதினார். "உள்ளூர்த் தொழில்நுட்பத்தில் இயங்கும் ஓர் ஏவுபொறியைக் கண்டேன்."

அவர் கண்டது சிவசாமியின் கம்பி.

கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இனி நடப்பதெல்லாம் அதில் தொங்குகிறது. மலையுச்சியில் மேமலை டிவிசன், தோட்டத்தின் மேல் பிரிவு. அங்கே முப்பத்தெட்டுக் குடும்பங்கள். அடிவாரத்தில் ஸ்டோர். இரண்டுக்கும் இடையில் எழுநூறு மீற்றருக்கு இரட்டைக் கம்பி. ஒவ்வொரு கம்பியிலும் ஓர் இரும்புக் கூடை, மார்பளவு உயரம். இரண்டு கூடைகளையும் ஒரே கயிறு இணைக்கிறது. அந்தக் கயிறு மேலே ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றிப் போகிறது. மேலே உள்ள கூடையில் தேயிலைக் கொழுந்துச் சாக்கை ஏற்றி விட்டால் அது தன் பாரத்தால் இறங்கும். இறங்குகிற கூடை மற்றக் கூடையை மேலே இழுக்கும். அதில் அரிசி வரும், காஸ் சிலிண்டர் வரும். அவசரத்துக்கு நோயாளியும் வருவார், போவார். அது சட்டத்துக்குத் தெரியாது, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்குக்குத் தெரியும். வேகத்தை அடக்க மேலே சக்கரத்தில் ஒரு மரப் பிரேக். அதைப் பத்தொன்பது வருடமாகப் பிடித்திருப்பவர் சிவசாமி.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிர்க்கூடை வெறுமையாக இருந்தால் இறங்கும் கூடைக்குக் கடிவாளம் இல்லை, பிரேக் கருகிவிடும். அதனால் கீழே எதிர்க்கூடையில் ஏதாவது ஏற்றியாக வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் கல்லாவது வைக்க வேண்டும். மலையைப் பெரும்பாலும் மூடியிருக்கும் பனிமூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆகவே கீழே தொங்கும் தண்டவாளத் துண்டில் சுத்தியலால் இரண்டு தட்டு. அப்படியென்றால் எதிர்க்கூடை தயார். அந்தச் சத்தம் கேட்டால் மட்டும் மேலே பிரேக்கை விடுவார்கள். மூன்று தட்டென்றால் நிறுத்து. கீழே தட்டுகிறவர் சிவசாமியின் மனைவி ஜெயலெட்சுமி. வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதைவிடக் கம்பியில் பேசிக்கொள்வது அதிகம் என்பார்கள்.

போன மழையில் மேமலைக்குப் போகும் பாதை மண்சரிவில் போய்விட்டது. மிஞ்சியது ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு கற்படியும் இந்தக் கம்பியும்.

சபை ஜூன் மாதம் கம்பியைப் பொறுப்பேற்றது. சக்கரத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, பிரேக்குக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். சிவசாமிக்கு 'ஏவல் உதவியாளர், தரம் மூன்று' என்று ஓர் அட்டை கழுத்தில் விழுந்தது. திலக்ஷன் வரைபடத்தை விரித்துக் காட்டினார். அழகான வரைபடம். அதில் ஒரு கம்பியும் ஒரு கூடையும் இருந்தன.

"சேர், இதுல கூடை ரெண்டு இருக்குங்க," என்றார் சிவசாமி.

"தெரியும். மற்றது மேலே வாற கூடை. எங்கட சபைக்குப் புறப்படுறது மட்டும்தான் அதிகாரம். திரும்பி வாறதெல்லாம் மீட்பு. மீட்புக்கு வேற அதிகார சபை வரும்."

"அது எப்பங்க வரும்?"

"சட்டமூலம் வரைபில இருக்கு."

"அதுவரைக்கும் அந்தக் கூடை?"

"அதுவரைக்கும் அந்தக் கூடை இல்லை," என்றார் திலக்ஷன் பொறுமையாக. அவர் கெட்டவர் அல்ல. ஒரு கூடையைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டே இல்லையென்று சொல்லும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல் கடல். ஏவல் கடலுக்கு மேலேதான் நடக்க வேண்டும் என்று சபையின் சட்டத்தில் எழுதியிருந்தது. சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றம் கூட வேண்டும். மலையைத் திருத்த ஒரு சுற்றுநிருபம் போதும். கம்பிக்குக் கீழே உள்ள நூற்றுப் பத்து ஏக்கர் தேயிலை, ஸ்டோர் முற்றம் உட்பட, ஆய்வுக் காலம் முடியும்வரை கடல் என்று சுற்றுநிருபம் ஏழு அறிவித்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே மும்மொழியிலும் பலகை நட்டார்கள்: 'கடல். ஆழமான பகுதி. உயிர்காப்பு அங்கியின்றி இறங்க வேண்டாம்.' நூற்றிருபது செம்மஞ்சள் அங்கிகள் லொறியில் வந்தன.

மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், கண்டாக்கு ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டார். பெண்கள் ஒவ்வொருவராக அங்கியைத் தட்டிக் காட்டினார்கள். சிவசாமியின் அக்கா நாகலெட்சுமி வரிசையில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கப் பேசினாள்.

"கண்டாக்கையா, கடலுக்குள்ள கொழுந்து எடுக்கச் சொல்றீங்க. மீனு ஆப்பிட்டா யாருக்குச் சேரும்? தோட்டத்துக்கா எங்களுக்கா?"

"பேசாம போ நாகலெட்சுமி."

"இல்ல, கேட்டு வச்சுக்கிறேன். சட்டி கழுவி வைக்கணும்ல."

"குளிருக்கு நல்லாத்தான் இருக்கு மதினி," என்றாள் ஜெயலெட்சுமி.

"குளிருக்கு நல்லாருக்கு. ஆனா கொழுந்துக் கூடைக் கயிறு தலையில நிக்காம பின்னுக்கு வழுக்குதே. போட்டவன் ஒருநாள் கூடை தூக்கிப் பாத்திருக்கணும்."

கம்பிக்கு முத்திரை வைத்ததால் கொழுந்தைப் பெண்களே தலையில் சுமந்து படியிறங்கினார்கள், அரிசியைச் சுமந்து படியேறினார்கள். முன்பு எண்பது விநாடியில் போனது இப்போது ஐம்பது நிமிடம். சாக்குக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்தது. ஸ்டோரில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் நாகலெட்சுமி இருபது கிலோ சாக்கோடு நானூற்றுச் சொச்சமாவது படியில் வழுக்கினாள். முழங்கால் முறிந்தது. கம்பி ஓடியிருந்தால் எண்பது விநாடி. சிவசாமியும் மூன்று பேரும் கம்பளியில் கட்டித் தூக்கி இறக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆனால் அவள் வீடு மேலே. கட்டுப்போட்ட காலோடு ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு படி ஏற முடியாது. கீழ் டிவிசன் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு சொந்தக்காரரின் காம்பராவில் படுத்துக்கொண்டு, தன் வீட்டு ஜன்னலை மூட்டம் விலகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தாள்.

சிவசாமி பணிப்பாளரிடம் போனார்.

"சேர், கம்பிய ஒரே ஒருவாட்டி விடுங்க. அக்காவ வீட்டுக்கு ஏத்திட்டு முத்திரைய நானே ஒட்டித் தந்துர்றேன்."

திலக்ஷன் உண்மையாகவே வருந்தினார். கோப்பைப் பார்த்துவிட்டு மேலும் வருந்தினார். "விழுந்த இடம் கடல். ஆகவே இது கடல் விபத்து. கரையோர மாவட்டம் ஒன்றிலதான் முறைப்பாடு எடுப்பாங்க. ஏத்துறது எண்டால் அது மீட்பு. அது எங்களுக்கு ஏலாது."

"படியில விழுந்தாங்க சேர்."

"படி எந்த இடத்தில இருக்கு?"

சிவசாமி வெளியே பார்த்தார். படி கடலுக்குள் இருந்தது.

அதற்குள் அவருக்கு இன்னொரு வேலையும் வந்திருந்தது. தினமும் காலை ஆறரைக்குப் படிவம் பதினான்கில் அலையின் உயரத்தை எழுத வேண்டும். முதல் நாள் 'அலை இல்லை' என்று எழுதினார். இல்லை என்பது எண் அல்ல என்று படிவம் திரும்பி வந்தது. பூச்சியம் என்று எழுதினார். பூச்சியம் உலகின் எந்தச் சமுத்திரத்திலும் பதிவாகவில்லை என்று கொழும்பிலிருந்து மறுப்பு வந்தது. மூன்றாம் நாள் மூன்றடி என்று எழுதினார். நேர்த்தியான பதிவு என்று பாராட்டுக் கடிதம் வந்தது. அக்காவிடம் காட்டினார்.

"நாளைக்கு நாப்பதடின்னு எழுதுடா. எல்லாரையும் அடிச்சிக்கிட்டுப் போகட்டும்," என்றாள் நாகலெட்சுமி.

ஆவணி மாதத்தில் தவிசாளரே வந்தார். பெரிய உடம்பு, வெண்ணிற உடுப்பு, உடுப்பில் தங்க நூலால் நங்கூரம். தேசிய ஏவல் காட்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றும், காட்சி வெற்றி பெற்றதும் கம்பியைச் சக்கரத்தோடு கழற்றிக் கொழும்பில் தலைமையக முகப்பில் நிறுத்தப் போவதாகவும் சிவசாமியின் தோளில் கைவைத்துச் சொன்னார்.

சிவசாமி கேட்டார். "வெற்றி பெறலன்னா சேர்?"

"பெற்றாயிற்று. அறிக்கை அச்சாகிவிட்டது. திகதி மட்டும் போட வேண்டும்."

அன்று மாலை கணவனும் மனைவியும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெயலெட்சுமிதான் பேசினாள்.

"கழட்டிட்டுப் போயிட்டா மதினி மேல வரவே முடியாதுங்க."

"தெரியுது."

"ரெண்டு கூடைன்னு அந்தப் பெரியவருகிட்டயும் சொன்னீங்களா?"

"சொன்னேன். வரைபடத்தக் காட்டினாரு."

காட்சி நாளன்று காலையில் மூட்டம் சோற்றுக் கஞ்சி போலத் திரண்டிருந்தது. மேலே பிரேக்கின் முத்திரையை அகற்றி, சிவசாமியின் கூடையில் மாதிரி விமானத்தை ஏற்றியிருந்தார்கள். தகரமும் பலகையும் இரும்புக் கம்பியுமாக நூற்று எண்பது கிலோ, மூக்கில் சிவப்பு வர்ணம். கீழே கடலில், அதாவது ஸ்டோர் முற்றத்தில், பந்தல். அங்கிகள் அணிந்த நூறு பெண்களைப் பார்வையாளர்களாக நிறுத்தியிருந்தார்கள். மாவுக்கட்டோடு ஒரு கதிரையில் நாகலெட்சுமியும் இருந்தாள்.

தவிசாளர் எல்லோரையும்விட உயரமான இடத்தில் நிற்க வேண்டும் என்பது முறை. மேடை கட்டப் பலகை வரவில்லை. திலக்ஷன் சுற்றிப் பார்த்தார். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மார்பளவு விளிம்போடு, கப்பலின் முன்பகுதி போலவே ஒன்று அங்கே நின்றது. அதற்குச் சிவப்புக் கம்பளம் விரித்து, விளிம்பில் செவ்வந்தி மாலை சுற்றி, ஒலிவாங்கியும் வைத்தார்கள்.

வரைபடத்தில் இல்லாத கூடை அது.

ஜெயலெட்சுமி ஓடி வந்தாள். "சேர், சேர், அதுல ஏற வேணாம் சேர். அது மேல போவும்."

திலக்ஷன் நிகழ்ச்சி நிரலை மேலிருந்து கீழே பார்த்தார். "அம்மா, பொதுமக்கள் கதைக்கிறதுக்கு இதில இடம் இல்லை."

"கதைக்கலைங்க சேர், சொல்றேன்."

"அதுக்கும் இல்லை."

தவிசாளர் ஏறினார். கூடை ஒருமுறை ஆடி நின்றது. அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூட்டத்தைப் பார்த்து உரையாற்றத் தொடங்கினார்.

"அன்பார்ந்தவர்களே! பதினோரு ஆண்டுகளில் இச்சபை ஒரு விமானத்தையாவது ஏவியதா என்று கேட்கிறார்கள். ஏவாத விமானம் விழுவதில்லை. இன்றுவரை ஒரு விபத்துமில்லாத ஏவல் நிறுவனம் உலகிலே நாங்கள் மட்டுமே! கப்பல் எங்கே என்றும் கேட்கிறார்கள். கப்பல் இருந்திருந்தால் அதைக் கழுவவும் வர்ணம் பூசவுமே காலம் போயிருக்கும். கப்பல் இல்லாததால்தான் முழுக் கவனத்தையும் ஆய்வில் செலுத்த முடிந்தது. ஆவியா மின்காந்தமா என்று வல்லரசுகள் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் குழம்பவில்லை. இரண்டையும் நாங்கள் தொடவே இல்லை!"

கைதட்டல். அங்கி போட்ட கைகள் முழுதாக மடங்காததால் சத்தம் கொஞ்சம் குறைவு.

நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது, சுபவேளையான பத்து நாற்பத்திரண்டுக்குத் தவிசாளர் இரும்பைத் தட்டி ஆரம்பித்து வைத்தல். பத்தாவது, நிறைவு வாசகம். பதினொன்று, தொலைபேசியில் பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணுதல். பன்னிரண்டாவதுதான் ஏவல். முற்றத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு திலக்ஷனுக்குப் பொருத்தமாகப் பட்டிருந்தது. எத்தனை தட்டு என்பதையும் அவர் யோசித்து முடிவு செய்திருந்தார். தேசத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று.

தட்டில் வைத்து நீட்டிய சுத்தியலைத் தவிசாளர் எடுத்தார். எட்டித் தட்டினார்.

டண். டண்.

மேலே சிவசாமியின் கையில் சுற்றுநிருபம் இருந்தது. பதினோராவது நிகழ்ச்சி முடியும்வரை பிரேக்கைத் தொடக்கூடாது என்று அதில் அடிக்கோடிட்டிருந்தது. அதை அவர் மூன்று தரம் வாசித்திருந்தார். ஆனால் வாசித்தது கண். பத்தொன்பது வருடமாக அந்த இரண்டு தட்டைக் கேட்டது கை. எதிர்க்கூடை தயார் என்று கீழேயிருந்து சொல்லிவிட்டார்கள். கை பிரேக்கை விட்டது.

"இந்தக் கணம் முதல்," என்று தவிசாளர் நிறைவு வாசகத்தைத் தொடங்கியிருந்தார், "நாம் இருந்த இடத்திலேயே இருக்கப் போவதில்லை!"

கூடை கிளம்பியது.

செவ்வந்தி மாலையும் சிவப்புக் கம்பளமுமாகத் தவிசாளர் பந்தலின் ஓரத்தை உரசிக்கொண்டு எழுந்தார். ஜெயலெட்சுமி தண்டவாளத்தை நோக்கிப் பாய்ந்தாள். மூன்று தட்டுத் தட்டினால் நிற்கும். சுத்தியல் இல்லை. சுத்தியல் தவிசாளரின் கையில் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒலிவாங்கி கம்பியில்லாதது என்பதால் தேயிலைக்கு மேலே நூறு மீற்றர்வரை அவர் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. முதலில், "திலக்ஷன், இது நிரலில் எத்தனையாவது?" பிறகு, "அம்மா!" பிறகு மூட்டம்.

"போறாருடி," என்றாள் நாகலெட்சுமி கதிரையில் இருந்தபடியே. "அங்கி போடாமப் போறாரு."

நடுவழியில் மாதிரி விமானம் எதிரே வந்து, சிவப்பு மூக்கோடு அவரைக் கடந்து போனது. பதினோரு ஆண்டில் சபையும் விமானமும் அவ்வளவு நெருங்கியது அதுவே முதல் தடவை.

மேலே சிவசாமியின் உள்ளங்கை எதையோ உணர்ந்தது. பிரேக் மரத்தின் வழியே பாரம் பேசும். அரிசி அசையாமல் வரும். சிலிண்டர் கொஞ்சம் உருளும். இது உதறியது. ஆள்தான் என்று தெரிந்ததும் அவர் மரத்தில் முழு உடம்பையும் சாய்த்து, பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவது போல வேகத்தை அடக்கிக் கூடையைத் தளத்தில் சேர்த்தார். மூட்டத்துக்குள்ளிருந்து நங்கூரமும் மாலையும் சுத்தியலும் வெளிப்பட்டன.

"வாங்க சேர்," என்றார் சிவசாமி. "பிளேன்டீ குடிக்கிறீங்களா?"

விமானம் கீழே ஸ்டோர் சுவரில் கட்டியிருந்த பழைய டயர்களில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. விசாரணைக் குழு ஒரே வாரத்தில் கூடியது. ஏவல் என்றால் மேலே போவது. விமானம் கீழே வந்திருக்கிறது, ஆகவே அது ஏவப்படவில்லை. மேலே போனது ஒன்றே ஒன்றுதான். அச்சாகியிருந்த அறிக்கையில் 'ஏவப்பட்ட பொருள் சேதமின்றி இலக்கை அடைந்தது' என்ற வரி அப்படியே பொருந்தியதால் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. திகதி மட்டும் போட்டார்கள்.

ஏவப்பட்ட பொருள் மேலேயே இருந்தது. அதுதான் சிக்கல்.

"கூடையில ஏறுங்க சேர். பைய எறக்கி விட்டுர்றேன்," என்றார் சிவசாமி.

தவிசாளர் கூடையைப் பார்த்தார். ஓரடி பின்வாங்கினார். பிறகு பதவி நினைவுக்கு வந்தது. "திரும்பி இறங்குவது மீட்பு. மீட்புக்கு எமது சபைக்கு அதிகாரமில்லை. நானே சட்டத்தை மீறலாமா?"

படிவழியாகப் போகலாமே என்றார்கள். முதல் திருப்பம்வரை போனார். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு படியும் மூட்டத்துக்குள் செங்குத்தாக இறங்குவதைப் பார்த்தார். "கடல் இன்று கொந்தளிப்பாக இருக்கிறது," என்று சொல்லித் திரும்பி வந்தார். சிவசாமி படிவம் பதினான்கில் நாற்பதடி என்று எழுதினார்.

வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஒரு பாதியைத் தவிசாளருக்கு ஒதுக்கினார்கள். காலையில் தொட்டில்களின் சத்தம், மத்தியானம் ரொட்டியும் கட்டச் சம்பலும். அவர் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கையொப்பம் இல்லாமல் சபையில் ஒரு பென்சிலும் நகராது. கீழே கோப்புகள் குவிந்தன. சுமந்து ஏறக் கொழும்பு உத்தியோகத்தர் எவரும் முன்வரவில்லை. கம்பியைக் கழற்றும் உத்தரவுக்கும் அவரே கையொப்பமிட வேண்டும். அந்தக் கோப்பு மேலே போவதற்கும் கம்பி வேண்டும்.

காட்சிக்குப் பிறகு பிரேக்குக்கு மறுபடி வைத்திருந்த முத்திரையை உடைக்கத் திலக்ஷன் அமைச்சில் அனுமதி வாங்கி, முதல் கோப்பை எதிர்க்கூடையில் வைத்தார். இப்போது அவருக்கு அந்தக் கூடை தெரிந்தது.

"வெறும் கோப்ப வச்சா காத்துல பறந்துரும் சேர்," என்றாள் ஜெயலெட்சுமி. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "அதுக்கு மேல எதையாச்சும் வைக்கணும்."

"என்ன வைக்கலாம்?"

"அரிசி மூட்ட வைக்கலாம். இருவத்தஞ்சு கிலோ. அசையாது."

"சரி. எப்பிடி மேல போகும்?"

"மேலருந்து கொழுந்து எறங்கினாத்தான் இது ஏறும். ஒரு கோப்புக்கு நாலு சாக்காவது வேணும்."

திலக்ஷன் எழுதிக்கொண்டார். சுற்றுநிருபம் பத்தொன்பது அன்றே வெளியானது: 'அரச கோப்புகளை உயர்த்தும் பொருட்டு, போதிய அளவு கொழுந்து தாமதமின்றி இறக்கப்படல் வேண்டும். கோப்புகளின் மேல் இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாத தாள்பாரம் வைக்கப்படல் வேண்டும்.' தாள்பாரத்தின் இனம் குறிப்பிடப்படவில்லை. மாவு, பருப்பு, காஸ் சிலிண்டர், ஒரு தையல் மெஷின், லயத்துக் கூரைக்குப் பத்துத் தகரம் என்று தாள்பாரங்கள் மேமலைக்கு ஏறின. கொழுந்து சூடேறாமல் ஸ்டோருக்கு இறங்கியது. சபையில் கோப்புக்குப் பஞ்சமே இல்லையாதலால் கம்பி முன்னைவிட ஒழுங்காக ஓடியது.

புரட்டாதி மாதம் ஒரு காலை திலக்ஷன் கையில் ஒரே ஒரு கோப்போடு நின்றார். தாள்பாரம் இன்று என்ன என்று கேட்டார். ஜெயலெட்சுமி கதிரையைக் காட்டினாள்.

அவர் நாகலெட்சுமியைப் பார்த்தார், மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு மூட்டத்துக்குள் மறையும் கம்பியைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து தன் கையெழுத்தாலேயே எழுதினார்: 'தாள்பாரம், ஒன்று. ஐம்பத்தெட்டுக் கிலோ. கோப்பைத் தானே பிடித்துக்கொள்ளும் வகை.' கூடைக்குள் தூக்கி இருத்தவும் அவரே ஒரு கை கொடுத்தார். அங்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பார்த்தார்.

டண். டண்.

மேலே சிவசாமி நான்கு சாக்குக் கொழுந்தோடு பிரேக்கை மெல்ல விட்டார். மரத்தின் வழியே பாரம் வந்தது. அரிசி இல்லை. சிலிண்டர் இல்லை. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். மூட்டத்துக்கு உள்ளே, வெகு கீழேயிருந்து, ஒரு குரல் திட்டிக்கொண்டே நெருங்கி வந்தது.

"பைய விடுடா சிவசாமி! பைய! விழுந்தா கோப்புப் போயிரும்டா!"